மைதானத்தில் வீரர் அடிபட்டு விழுந்தால்: வன்னிக் கழகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சுற்றுப்போட்டி. ஆட்டம் முடிய ஆறேழு நிமிடம் இருக்கும், இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஒரு கழகத்தின் பின்வரிசைப் பொடியன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். விசில் ஊதிவிட்டு நான் அவனிடம் போய்ச் சேருமுன்னே அவர்களுடைய முகாமையாளர் றெஜிபோம் பெட்டியோடு உள்ளே ஓடிவந்துவிட்டார். பெட்டிக்குள் மீன் வாடியில் வாங்கிய ஐஸ். ஒரு கட்டியைப் பழைய சாரத்துண்டில் சுற்றிக் காலில் வைத்து அழுத்தினார். பொடியன் எழும்பி இரண்டு தரம் குதித்துப் பார்த்துவிட்டு, "ஓகே சேர், விளையாடலாம்" என்றான்.

"இல்லைத் தம்பி, வெளியே போய்த்தான் வரவேண்டும்" என்றேன்.

அவன் கோட்டுக்கு வெளியே நின்ற அந்த அரை நிமிடத்தில், அவன் காக்க வேண்டிய பக்கத்தால் பந்து வந்து கோல் விழுந்தது. அதன் பிறகு எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத முடியாது. உண்மையில் அந்தக் கோலை விட்டது பொடியனும் இல்லை, நானும் இல்லை. ஐஸ் பெட்டிதான்.

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று எந்த மைதானத்துக்குப் போனாலும் இந்தச் சண்டை ஏதோ ஒரு வடிவத்தில் வருகிறது. உதைபந்தாட்டத்துக்கு மொத்தம் 17 விதிகள். அடிபட்டவரைப் பற்றிய பகுதி மத்தியஸ்தரைப் பற்றிய 5ஆவது விதிக்குள் இருக்கிறது. ஒரு பக்கம்கூட வராது. அதை ஒழுங்காக யாரும் சொல்லித் தராததால்தான் இவ்வளவு வில்லங்கம். வீரர் விழுந்த கணத்திலிருந்து திரும்பி உள்ளே வருவது வரைக்கும் நடக்கவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

விழுந்தவுடன்: விசில் வரும் வரைக்கும் விளையாடுங்கள்

காயம் சின்னதென்று மத்தியஸ்தருக்குத் தெரிந்தால், பந்து வெளியே போகும் வரைக்கும் அவர் ஆட்டத்தை நிறுத்த மாட்டார். கடுமையான காயம் என்று நினைத்தால் உடனே நிறுத்துவார். எது சின்னது, எது கடுமையானது என்பது அவர் முடிவு. பார்வையாளர் பக்கமிருந்து "ரெபரி, ஆள் விழுந்து கிடக்கு" என்று நூறு பேர் கத்தினாலும் அது மாறாது.

எதிரணி வீரர் விழுந்தால் பந்தை வேண்டுமென்றே வெளியே அடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் விதியில் இல்லை. அடிக்காமல் தொடர்ந்து விளையாடி கோல் போட்டால் அந்தக் கோல் செல்லும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் எவர்ட்டன் கோல் காப்பாளர் விழுந்து கிடந்தபோது, கோல் அடிக்க வாய்ப்பிருந்தும் வெஸ்ட் ஹாம் அணியின் டி கானியோ பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். அதற்காக ஃபீஃபாவின் நேர்மை விருது கிடைத்தது. 2019 ஏப்ரலில் லீட்ஸ் அணி அஸ்டன் வில்லா வீரர் விழுந்து கிடக்கும்போதே கோல் போட்டது. லீட்ஸ் பயிற்றுநர் பியெல்சா, பதிலுக்கு வில்லாவை ஒரு கோல் போட விடும்படி தன் வீரர்களுக்குச் சொன்னார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. இரண்டும் அவரவர் மனசால் செய்தது, மத்தியஸ்தர் செய்வித்ததில்லை. ஆகவே பின்வரிசையில் நிற்கும் தம்பிமாருக்கு ஒன்று: எதிராளி பந்தை வெளியே அடிப்பான் என்று நம்பிக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அடுத்தது: கோட்டுக்கு வெளியே நின்று மத்தியஸ்தரின் கையைப் பாருங்கள்

முகாமையாளர், பயிற்றுநர், தண்ணீர்ப் போத்தல் தூக்கும் பொடியன் எல்லாருக்கும் இதுதான் முக்கியமான இடம்.

ஆட்டத்தை நிறுத்திய மத்தியஸ்தர் விழுந்தவரிடம் போய், "ஆள் வேணுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லி எழும்பினால் பிரச்சினை முடிந்தது, அவர் வெளியே போகத் தேவையில்லை. வேண்டும் என்றால் மத்தியஸ்தர் கையசைத்துக் கூப்பிடுவார். கூப்பிட்டு ஆள் உள்ளே வந்த பிறகு, அடிபட்டவர் நடந்தோ ஸ்ட்ரெச்சரிலோ வெளியே போயே ஆகவேண்டும். "இப்ப சரியாகிட்டுது" என்பது எடுபடாது. போக மறுத்தால் மஞ்சள் அட்டை.

உள்ளே வருபவரின் வேலை காயத்தைப் பார்ப்பதும் ஆளைப் பத்திரமாக வெளியே கொண்டுபோவதும்தான். மருந்து, ஸ்பிரே, கட்டு எல்லாம் வெளியே. நம் பக்கத்தில் நாலு பேர் ஓடிவந்து சுற்றி நின்று, ஒருவர் விசிற, ஒருவர் சோடா பருக்க, ஒருவர் காலைப் பிடித்து இழுக்க, உள்ளேயே ஒரு வைத்தியசாலை திறந்துவிடுவார்கள். ஒருவர் போதும், மிஞ்சினால் இருவர்.

கையசைவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு லண்டனில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. 2015 ஓகஸ்ட் 8, செல்சியும் சுவான்சியும் 2-2. செல்சி கோல் காப்பாளர் கோர்ட்துவா சிவப்பு அட்டையில் போனதால் அவர்கள் பத்துப் பேர். கடைசி நிமிடங்களில் ஹசார்ட் விழுந்தார். மத்தியஸ்தர் கூப்பிட, வைத்தியர் ஈவா கார்னெய்ரோவும் உடலியக்க நிபுணரும் உள்ளே ஓடினார்கள். விதிப்படி ஹசார்ட் வெளியே போக, செல்சி ஒன்பது பேரோடு நின்றது. பயிற்றுநர் மொரின்யோவுக்கு வந்த கோபத்தில், அந்த வைத்தியர் சில வாரங்களில் கழகத்தை விட்டே போனார். என்னைக் கேட்டால் வைத்தியர் பக்கம்தான் நியாயம். மத்தியஸ்தர் கூப்பிட்டால் வைத்தியர் போகத்தான் வேண்டும். ஹசார்டுக்குப் பெரிய காயம் இல்லையென்றால் அவர் எழும்பியிருக்கலாம்.

மத்தியஸ்தர் கூப்பிடாமல் ஓடினால் அதுவும் ஒழுங்கு மீறல்தான். ஓடினவருக்கே அட்டை காட்டலாம்.

யார் வெளியே போகத் தேவையில்லை?

இந்த விதிக்கு விலக்கு ஆறு உண்டு. ஆட்டத்துக்கு முன் அணித் தலைவர் இதை மனப்பாடமாக வைத்திருந்தால் பாதி வாக்குவாதம் இல்லை.

கோல் காப்பாளர் அடிபட்டால் அவர் போகவேண்டாம். கோல் காப்பாளரும் வேறொரு வீரரும் மோதி இருவருக்கும் கவனிப்புத் தேவைப்பட்டால் இருவருமே நிற்கலாம். ஒரே அணியின் இருவர் தங்களுக்குள் மோதினாலும் அப்படித்தான், இல்லாவிட்டால் ஒரே மோதலில் ஓர் அணி இரண்டு பேரை இழக்கும். கடுமையான காயம் என்றால் அசைக்காமல் அந்த இடத்திலேயே பார்க்கவேண்டும். அதற்குக் கால எல்லை இல்லை.

ஐந்தாவதுதான் அதிகம் குழம்புவது. எதிராளி முரட்டுத்தனமாக மோதி, அதற்காக அவருக்கு மஞ்சளோ சிவப்போ காட்டப்பட்டால், அடிபட்டவர் சுருக்கமாகச் சிகிச்சை பெற்று உள்ளேயே நிற்கலாம். 2016க்கு முன் இது இல்லை. அடித்தவன் அட்டையோடு உள்ளே நிற்க, அடி வாங்கியவன் வெளியே போய் நிற்கும் கூத்து நடந்தது. இப்போதும் ஒரு குறை இருக்கிறது: ஃபவுல்தான், ஆனால் அட்டை இல்லை என்றால் அடிபட்டவர் வெளியே போகத்தான் வேண்டும். எனக்கு இது முழுக்கச் சரியாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான்.

"சுருக்கமாக" என்றால் எவ்வளவு? எல்லாரும் ஆட்டத்தைத் தொடங்கத் தயாரான பிறகு ஏறக்குறைய 20 முதல் 25 விநாடி என்று மத்தியஸ்தர்களுக்கான வழிகாட்டல் சொல்கிறது. கட்டுப் போட அது காணாது. காலைத் தடவி, ஐஸ் வைத்து, எழும்பிப் பார்க்கத்தான் காணும்.

ஆறாவது, பெனால்டி. தண்ட உதை கிடைத்து, அடிபட்டவரே அதை அடிக்கப்போகிறார் என்றால் நிற்கலாம். 2019இல் வந்த மாற்றம் இது.

இன்னொன்று: அடிபட்டவருக்கே அட்டை காட்டவேண்டி இருந்தால், அவர் வெளியே போகுமுன் காட்டவேண்டும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவருக்கு மஞ்சள் அட்டையா என்று சனம் கூக்காட்டும். காட்டத்தான் வேண்டும்.

இரத்தம் வந்தால்

நம் மைதானங்கள் பல கிரவல் தரை. பங்குனி, சித்திரையில் புல் கருகிப்போய்விடும். ஒரு சறுக்கல் போதும், முழங்கால் தோல் உரிந்துவிடும். இரத்தம் வந்தால் காயம் சின்னதா பெரியதா என்ற கேள்வியே இல்லை, வெளியே போகவேண்டும். இரத்தம் நின்றிருக்கவேண்டும், உடுப்பிலும் இரத்தம் இருக்கக்கூடாது. இரண்டும் மத்தியஸ்தருக்குத் திருப்தி என்றால்தான் திரும்ப வரலாம்.

வெள்ளை ஜேர்சி போடும் கழகங்கள் இதில் மாட்டுப்படும். மாற்று ஜேர்சி ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும். மண் ஒட்டிய காயத்தைத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அழுத்திப் பிடிக்காமல் அரை நிமிடத்துக்கொரு தரம் திறந்து பார்த்தால் இரத்தம் நிற்காது.

திரும்பி வருவது

ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகுதான் வரலாம். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பக்கக் கோட்டால் மட்டும். பந்து வெளியே போயிருந்தால் எந்தக் கோட்டாலும் வரலாம். எப்படி வந்தாலும் மத்தியஸ்தரின் சைகை வேண்டும். லைன்மேன் "போ" என்றது காணாது, பயிற்றுநர் தள்ளிவிட்டதும் காணாது.

அனுமதி இல்லாமல் வந்தால் மஞ்சள் அட்டை. வந்து ஆட்டத்தில் தலையிட்டால் எதிரணிக்கு நேரடி ஃப்ரீகிக். அப்படி வந்தவர் உள்ளே இருக்கும்போது அவருடைய அணி கோல் போட்டு, ஆட்டம் திரும்பத் தொடங்குமுன் மத்தியஸ்தர் கண்டுபிடித்தால் கோல் செல்லாமல் போகலாம். மின்னொளிச் சுற்றுப்போட்டிகளில் வெளிச்சம் எட்டாத மூலையால் பொடியள் நைசாக உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், நல்ல கோல் ஒன்று வீணாகப் போகலாம்.

சில சுற்றுப்போட்டிகள் இதற்கு மேல் தங்கள் ஒழுங்கையும் வைக்கின்றன. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் சிகிச்சை பெற்றவர் ஆட்டம் தொடங்கி 30 விநாடி வெளியே நிற்கவேண்டும், அமெரிக்காவின் எம்எல்எஸ்ஸில் 2 நிமிடம். உங்கள் சுற்றுப்போட்டிக் குழு அப்படி ஏதும் வைத்திருக்கிறதா என்று முதலே கேளுங்கள்.

ஓஃப்சைட்டிலும் (பந்து வரும்போது, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டிக் கோலுக்குக் கிட்ட நிற்பது) ஒரு சுழி இருக்கிறது. 2008 யூரோவில் இத்தாலியின் பனூச்சி தன் கோல் காப்பாளர் புஃபோனோடு மோதுப்பட்டு, கோல் கோட்டுக்கு வெளியே விழுந்து கிடந்தார். நெதர்லாந்தின் வான் நிஸ்டல்ரோய் கோல் போட்டார். பார்த்தவர்களுக்குப் பச்சை ஓஃப்சைட். ஆனால் மத்தியஸ்தரின் அனுமதியோடு வெளியே போகாத பனூச்சி, கோல் கோட்டில் நிற்பதாகவே கணக்கு. கோல் சரி. நெதர்லாந்து 3-0 என்று வென்றது. காயப்பட்டவர் தானாக உருண்டு வெளியே போனால் எதிராளியை ஓஃப்சைட்டில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆட்டம் எப்படித் திரும்பத் தொடங்கும்?

ஃபவுலுக்காக நிறுத்தியிருந்தால் ஃப்ரீகிக் அல்லது பெனால்டி. பந்து வெளியே போயிருந்தால் த்ரோவோ மூலை உதையோ, எது வரவேண்டுமோ அது. ஃபவுல் ஒன்றும் இல்லாமல் காயத்துக்காக மட்டும் நிறுத்தினால் பந்தைக் கீழே போட்டுத் தொடங்குவது. இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திப் போட்ட காலம் 2019ஓடு போய்விட்டது. பந்து பெனால்டிப் பெட்டிக்குள் இருந்திருந்தால் அந்தப் பக்கக் கோல் காப்பாளருக்கு. மற்ற இடங்களில், பந்தை வைத்திருந்த அணியின் ஒருவருக்கு. மற்ற எல்லாரும் 4 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். பழைய வீரர்கள் இன்னும் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரே நிற்பார்கள். "அண்ணை, அது அந்தக் காலம்" என்று சிரித்துக்கொண்டே அனுப்புவேன்.

காயத்தால் போன நேரத்தை மத்தியஸ்தர் பாதி முடிவில் கூட்டுவார். வெயில் கடுமையென்றால் சுற்றுப்போட்டி விதியில் எழுதி, உடல் ஆற ஒன்றரை நிமிடம் தொடக்கம் 3 நிமிடம் வரை இடைவேளை வைக்கலாம். வன்னி வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம் வைக்கும் குழுக்கள் இதை எழுதாமல் விடுவது எனக்கு விளங்குவதே இல்லை.

தலையும் நெஞ்சும்

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் கால், கைக் காயத்துக்கு. தலையில் அடிபட்டால் பத்துப் பேரோடு விளையாடுவதைப் பற்றி யோசிக்காதீர்கள்.

2014 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. ஜெர்மனியின் கிராமர் தலையில் மோதுப்பட்டும் தொடர்ந்து விளையாடினார். கொஞ்ச நேரத்தில் மத்தியஸ்தர் ரிசோலியிடம் போய், இது இறுதிப் போட்டியா என்று கேட்டார். 31ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய ஆட்டத்தில், வைத்தியர்கள் வரிசையாக நிற்க, இது நடந்தது. நம் மைதானத்தில் யார் கண்டுபிடிப்பது? நீங்கள்தான்.

விழுந்தவரிடம் இப்படிக் கேளுங்கள்: இது எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாக யார் கோல் போட்டது? போன ஆட்டம் யாரோடு? வென்றோமா? ஒன்றில் தடுமாறினாலும், சத்தி எடுத்தாலும், கொஞ்ச நேரம் நினைவு தப்பினாலும், நடை தள்ளாடினாலும், கேட்டதையே திரும்பக் கேட்டாலும் அன்றைக்கு அவருக்கு ஆட்டம் முடிந்தது. சரியாகப் பதில் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் எடுத்துவிடுங்கள், வைத்தியர் சொல்லும் வரைக்கும் திரும்ப விடாதீர்கள். தலையில் அடிபட்டவருக்கு மேலதிகமாக ஒரு மாற்று வீரரை விடும் ஏற்பாடு 2024 ஜூலை முதல் விதியில் இருக்கிறது. ஆனால் சுற்றுப்போட்டிக் குழு அதைத் தன் விதிகளில் ஏற்றிருக்கவேண்டும். ஒரு அணி அதைப் பாவித்தால் மற்ற அணிக்கும் ஒரு மேலதிக மாற்று கிடைக்கும்.

கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்றால் ஆளைத் தூக்காதீர்கள். வாங்கிலோ கதவுப் பலகையிலோ போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடும் வழக்கத்தை விடுங்கள். ஒருவர் இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்திருக்க, அம்புலன்ஸ் வரும் வரைக்கும் ஆட்டம் நிற்கட்டும்.

யாரும் மோதாமல் ஒருவர் பொத்தென்று விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் இருதயம் நின்றுவிட்டது என்றே எடுங்கள். முதல் சில விநாடி கை கால் வெட்டி இழுக்கலாம். அதைக் கண்டு "வலிப்பு" என்று சொல்லி யாராவது கையில் திறப்பைத் திணிக்க ஓடுவார்கள். திறப்பால் ஒன்றும் ஆகாது. நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம் அழுத்துங்கள். களைத்தால் ஆள் மாறுங்கள், நிறுத்தாதீர்கள். 2003இல் லியோனில் கமரூன் வீரர் ஃபோயே இப்படி விழுந்து இறந்துபோனார். 2021 ஜூன் 12, கோப்பன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் விழுந்தபோது மத்தியஸ்தர் அன்ரனி ரெய்லர் சில விநாடியில் வைத்தியர்களைக் கூப்பிட்டார், உடனே நெஞ்சை அழுத்தினார்கள். எரிக்சன் பிழைத்துப் பின்னர் திரும்பவும் விளையாடினார்.

இந்த இடத்தில் மட்டும் மத்தியஸ்தரின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டாம். ஓடுங்கள். எந்த மத்தியஸ்தரும் அதற்கு அட்டை காட்டமாட்டார்.

ஆட்டத்துக்கு முன் செய்யவேண்டியது

பையில்: சுத்தமான துணி, கட்டுத் துணி, ஒட்டுப் பிளாஸ்டர், கையுறை, கத்தரிக்கோல், காயம் கழுவத் தனியாக ஒரு சுத்தமான தண்ணீர்ப் போத்தல், மாற்று ஜேர்சி, ஐஸ். ஐஸ் கோட்டுக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

பழைய வீரர்களின் ஆட்டம் என்றால் இன்னொரு விஷயம். நம் பக்கத்து அண்ணைமார் சிலருக்கு உடம்பில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, எம்ஆர்ஐ எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். நினைவில்லாமல் போகிறவருக்காகக் கூடப் போகிறவர் சொல்லவேண்டும். யாருக்கு இருக்கிறது என்பதை முகாமையாளர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அவசர அம்புலன்சுக்கு இலக்கம் 1990, காசு இல்லை. கூப்பிடும்போது மைதானத்தின் பெயரை மட்டும் சொன்னால் வெளியிலிருந்து வரும் சாரதிக்கு விளங்காது. ஏ9 வீதியில் எந்தச் சந்தியால் திரும்பவேண்டும், பக்கத்தில் கோயிலா பள்ளிக்கூடமா என்று சொல்லுங்கள். ஒரு பொடியனை மோட்டார் சைக்கிளில் சந்திக்கு அனுப்பிவிடுங்கள்.

மைதானத்துக் கேற்றின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் ஆட்டத்துக்கு முதலே கேட்டு வையுங்கள். ஒருமுறை அம்புலன்ஸ் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்க, திறப்பு வைத்திருந்தவர் தேத்தண்ணிக் கடையில் இருந்தார்.